சீட்டில் ஏறாத கீரை

செவ்வாய்க்கிழமைகளில் ஆரம்ப சுகாதார நிலையங்களில் கர்ப்பிணிகளுக்குப் பரிசோதனை நடக்கும். ராசிபுரம் வட்டாரத்து நிலையம் ஒன்றுக்கு, தங்கை முறையாகும் ஒரு பெண்ணுக்குத் துணையாகப் போய் இரண்டு மணி நேரம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். எங்களுக்கு முன்னால் நின்றவர் கோழிப்பண்ணையில் வேலை செய்கிறவர். ஹீமோகுளோபின் எட்டுக்குக் கீழே இருந்தது. டாக்டரம்மா பொறுமையானவர். அவருக்கும் அந்தப் பெண்ணுக்கும் நடந்த பேச்சை நினைவிலிருந்து தருகிறேன்.

‘ஏம்மா, கீரை சாப்பிடறியா? முட்டை?’

‘சாப்பிடறேங்க.’

‘தினமும்?’

‘முட்டை பண்ணையில எண்ணறதோட சரிங்க. ஒடைசல் இருந்தா குடுப்பாங்க.’

‘முருங்கைக்கீரை, பேரீச்சம்பழம், பீட்ரூட், முட்டை... இதெல்லாம் சேத்துக்கணும், என்ன?’

‘சரிங்கம்மா.’

இதற்குப் பிறகு டாக்டர் சீட்டில் எழுதினார். இரும்புச்சத்து மாத்திரை, கால்சியம் மாத்திரை. ஊசிக்கு எந்தத் தேதியில் வர வேண்டும் என்ற குறிப்பு. முருங்கையும் முட்டையும் சீட்டில் ஏறவில்லை. ஏறாது என்பது அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும். அதனால் அது யார் கண்ணிலும் படவில்லை. என் கண்ணிலும் வீடு திரும்பிய பிறகுதான் பட்டது.

ஒரே வாயிலிருந்து இரண்டு வகைச் சொற்கள் வந்திருக்கின்றன. ஒன்று எழுதப்படுவது, மற்றது சொல்லப்படுவது மட்டும். எழுதப்பட்டதைக் கொடுக்கும் கடமை அரசுக்கு இருக்கிறது. ஜன்னலுக்குப் பின்னால் இருக்கும் மருந்தாளுநர் சீட்டைப் பார்த்துத்தான் எண்ணிக் கொடுப்பார். இல்லையென்றால் ‘ஸ்டாக் இல்லீங்க’ என்று பதில் சொல்லியாக வேண்டும். சொல்லப்பட்டதை நிறைவேற்றும் கடமையோ கேட்டவள் தலையில் விழுகிறது. அடுத்த மாதம் ரத்தம் ஏறவில்லையென்றால் ‘நான் சொன்னதைச் சாப்பிட்டியா?’ என்ற கேள்வி அவளைப் பார்த்துத்தான் வரும். மாத்திரை விஷயத்தில் அவள் குடிமகள், கீரை விஷயத்தில் குற்றவாளி. ‘உணவே மருந்து’ என்ற வாசகத்தை மேடைதோறும் முழங்குகிற ஒரு மாநிலத்தில் மருந்தாக எழுதப்படாத ஒரே பொருள் உணவு. இந்த முரண் எப்படி உருவானது, அதை உடைக்க முடியுமா என்பதுதான் இக்கட்டுரையின் அக்கறை.

முன்னதாக ஒன்றைத் தெளிவுபடுத்திவிட வேண்டும். மாத்திரைக்குப் பதிலாகக் கீரை என்ற இயற்கை மருத்துவ வாதம் என்னுடையதல்ல. எட்டுக்குக் கீழே இறங்கிய ரத்தத்தைக் கீரையால் மட்டும் பிரசவத்துக்குள் ஏற்றிவிட முடியாது. கீரையிலுள்ள இரும்பைக் குடல் அரைகுறையாகத்தான் ஈர்க்கும். எலுமிச்சை, நெல்லிக்காய் கூடச் சேர்ந்தால் கொஞ்சம் கூடும், சாப்பிட்டவுடன் டீ குடித்தால் குறையும். பீட்ரூட் விஷயம் இன்னும் சுவாரஸ்யமானது. நூறு கிராமில் ஒரு மில்லிகிராம் அளவுக்குக்கூட அதில் இரும்பு தேறாது. ஆனாலும் டாக்டர் முதல் பக்கத்து வீட்டுப் பாட்டி வரை எல்லோரும் அதைச் சொல்கிறார்கள். சிவப்பு ரத்தத்தைக் குறிக்கிறது, குறிப்பான் ஊட்டச்சத்தாகிவிடுகிறது. விஞ்ஞானச் சொல்லாடலுக்குள் குறியீட்டின் ஆட்சி எவ்வளவு என்பதற்கு இதைவிட எளிய சான்று கிடைக்காது.

நமது மரபில் மருத்துவர் உணவைப் பற்றிப் பேசியதே இல்லையா? நிறையப் பேசியிருக்கிறார். ஆனால் அந்தப் பேச்சின் வடிவம் பெரும்பாலும் கழித்தல். பத்தியம் என்றாலே புளி தள்ளு, நல்லெண்ணெய் தள்ளு, கத்தரிக்காய் தொடாதே என்பதுதான். கழிப்பதற்கு இலையில் ஏதோ இருக்கிறது என்ற முன்னனுமானத்தில் நிற்கிற மருத்துவம் இது. திருக்குறளில் ‘மருந்து’ என்று ஒரு முழு அதிகாரமே இருக்கிறது. அதில் மருந்துச்சரக்கு ஒன்றின் பெயர்கூடக் கிடையாது. முன்னர் உண்டது செரித்ததை அறிந்து உண், அளவறிந்து உண் என்ற திசையில்தான் அதிகாரத்தின் பெரும்பகுதி போகிறது. முன்னர் உண்ணாதவன் அந்த அதிகாரத்தின் வாசகன் அல்ல. கூட்டல் வடிவில் உணவைச் சொன்ன மருத்துவம் வேறு இடத்தில் இருந்தது: பிள்ளை பெற்றவளுக்கு நாட்டுக்கோழிச் சாறு, கருவாடு, ஆட்டுக்கால், லேகியம் என்று அடுப்படியில். ஏடுகளில் ஏறிய மருத்துவம் கழித்தது, ஏட்டில் ஏறாத பெண்களின் மருத்துவம் கூட்டியது என்று சொன்னால் மிகைப்படுத்தலாகத்தான் இருக்கும். ஆனாலும் சொல்லத் தோன்றுகிறது.

அரசு இந்த மண்ணில் உணவை அளவிட்டு ‘எழுதிய’ முதல் பெரிய சந்தர்ப்பம் தாது வருஷப் பஞ்சம். 1877இல் ரிச்சர்ட் டெம்பிள் நிவாரண முகாம்களில் கூலியைக் குறைத்து, வேலை செய்யும் ஓர் ஆணுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓர் அணாவும் போதுமென்றார். சென்னை மாகாணத்தின் சுகாதார ஆணையர் கார்னிஷ், இந்த அளவில் உழைக்கும் உடல் தாங்காது என்று உடலியல் கணக்குப் போட்டு எதிர்த்தார். இருவரும் ஒரே மொழியில்தான் சண்டையிட்டார்கள்: உடல் ஓர் இயந்திரம், அதற்கு எத்தனை அவுன்ஸ்? அன்றைய சேலம் மாவட்டத்தில் 1871 கணக்கெடுப்பில் ஏறக்குறைய 19 லட்சத்து 67 ஆயிரம் பேர் இருந்தார்கள். 1881இல் 16 லட்சம்கூட இல்லை. டோஸ் என்ற கருத்து, மருந்துக்கு முன்பே, சோற்றின் வழியாக இங்கே வந்து சேர்ந்துவிட்டது.

அடுத்த கட்டம் குன்னூர். ராபர்ட் மெக்கரிசன் அங்கே எலிகளுக்கு இந்தியாவின் பல பகுதி உணவுகளைக் கொடுத்து வளர்த்தார். சீக்கியர் உணவு தின்ற எலி கொழுத்தது. மதராஸ் அரிசிச் சோறு தின்ற எலி வாடியது. போர்க்குணமுள்ள இனம், இல்லாத இனம் என்ற காலனியக் கற்பிதம் எலிக்கூண்டுக்குள் போய், விஞ்ஞானமாக வெளியே வந்தது என்று இதை வாசிக்கலாம், வாசிக்கவும் வேண்டும். ஆனால் அதே மெக்கரிசன் பி. விஸ்வநாத் என்ற மண்ணியல் வேதியியலாளருடன் சேர்ந்து 1920களில் இன்னொன்றும் செய்தார். கோயம்புத்தூரில் 1909 முதல் நடந்துவந்த நிரந்தர உரச்சோதனை வயல்களின் தானியத்தை எடுத்து, தொழுவுரத்தில் விளைந்த சிறுதானியமும் ரசாயன உரத்தில் விளைந்த சிறுதானியமும் ஒரே சத்துடையவையா என்று பார்த்தார்கள். தொழுவுரத்தில் விளைந்ததே மேல் என்பது அவர்கள் முடிவு. பின்னாளில் அந்த முடிவை எல்லோரும் ஏற்கவில்லை. எனக்கு முக்கியம் முடிவல்ல, கேள்வி. உணவின் பெயரோடு நிற்காமல், எந்த மண்ணில் விளைந்தது என்பதையும் மருத்துவக் கேள்வியாக்கியவர்கள் அவர்கள். பின்னர் வந்த சத்துப் பட்டியல்களில் அந்தக் கேள்வி காணாமல் போயிற்று.

உணவு மருந்துச்சீட்டிலிருந்து நீங்கிய இடமும் தமிழ்நாடுதான் என்பது பலருக்குத் தெரியாது. காசநோய்க்கு அதுவரை சானடோரியம்தான் வைத்தியம்: ஓய்வு, காற்று, பால், முட்டை. 1956இல் சென்னை சேத்துப்பட்டில் தொடங்கிய காசநோய் மருந்துச் சிகிச்சை மையம், வாலஸ் பாக்ஸ் தலைமையில், 193 நோயாளிகளை இரண்டாகப் பிரித்தது. ஒரு பாதி சானடோரியத்தில் நல்ல உணவோடு. மறு பாதி நெரிசலான வீட்டிலேயே, கிடைத்ததைத் தின்றுகொண்டு. மருந்து இருவருக்கும் ஒன்றே. ஒரு வருஷ முடிவில் இரு பாதிகளுக்கும் குணமானதில் பெரிய வித்தியாசமில்லை. 1959இல் வெளியான இந்த ஆய்வு உலகத்தின் காசநோய் வைத்தியத்தையே மாற்றிற்று. ஏழை நோயாளி மாதக்கணக்கில் படுக்கைக்குக் காத்திருக்க வேண்டாம், வேலையை விட்டு, குடும்பத்தைப் பிரிய வேண்டாம் என்ற விடுதலை அதில் இருந்தது; அதை மறுப்பது நன்றிகெட்டதனம். ஆனால் ‘குணமாவதற்கு உணவு தடையல்ல’ என்ற முடிவு, நிர்வாகத்தின் காதில் ‘உணவு தேவையில்லை’ என்று விழுந்தது. பால் முட்டைச் செலவு வரவுசெலவுக் கணக்கிலிருந்து நியாயமாக நீங்கியது.

அறுபது வருஷம் கழித்து, 2019 முதல் 2022 வரை ஜார்க்கண்டில் நடந்த ‘ரேஷன்ஸ்’ ஆய்வு வேறொரு கேள்வியைக் கேட்டது: நோயாளியின் வீட்டிலுள்ள மற்றவர்களுக்கு உணவு கொடுத்தால் அவர்களுக்கு நோய் வருவது குறையுமா? வீட்டிலுள்ள மற்றவர்களுக்கும் அரிசி, பருப்பு கொண்ட மாதாந்திரப் பை கொடுத்த வீடுகளில் புதிதாகக் காசநோய் வருவது 39 சதவீதம் குறைந்தது. முந்தைய ஆய்வு பொய்யாகவில்லை. அது குணத்தைப் பற்றிக் கேட்டது, இது வராமல் தடுப்பதைப் பற்றிக் கேட்கிறது. கேள்வி மாறியதும் சோறு மீண்டும் மருத்துவத்துக்குள் நுழைகிறது.

உணவைச் சீட்டில் எழுதியே விட்டவர் ஒருவர் இருந்தார். அமெரிக்காவின் மிசிசிப்பி டெல்டாவில் மவுண்ட் பேயூ என்ற ஊர். விடுதலை பெற்ற அடிமைகள் 1887இல் நிறுவியது. பருத்தி வயல்களுக்கு இயந்திரமும் களைக்கொல்லியும் வந்த பிறகு கூலி இழந்த கறுப்பின மக்கள் பட்டினியில் கிடந்தார்கள், உலகத்திலேயே வளமான மண்ணின் மேல். அங்கே 1960களின் பிற்பகுதியில் ஒரு சுகாதார மையத்தைத் தொடங்கிய டாக்டர் ஜாக் கைகர், ஊட்டமில்லாத குழந்தைகளுக்குப் பால், இறைச்சி, காய்கறி என்று மருந்துச்சீட்டிலேயே எழுதினார். பக்கத்து மளிகைக் கடைகள் சீட்டைப் பார்த்துக் கொடுத்துவிட்டு, மையத்தின் மருந்துக் கணக்கில் பணம் வாங்கிக்கொண்டன. வாஷிங்டனிலிருந்து அதிகாரி வந்து, மருந்துப் பணம் மருந்துக்குத்தான் என்றார். பட்டினி நோய்க்குப் பாடப்புத்தகம் சொல்லும் சிகிச்சை உணவுதானே என்று கைகர் பதில் சொன்னார். அதிகாரி திரும்பிப் போனார்.

இந்தக் கதையை வீரக் கதையாகச் சொல்வது வழக்கம். என் கவனம் வேறு. கைகர் புதிய திட்டம் எதையும் தீட்டவில்லை, இருக்கிற காகிதத்தின் இலக்கணத்தைத் திருப்பிப் போட்டார். மருந்துச்சீட்டு என்ற பிரதிக்குக் கடன் வசூலிக்கும் சக்தி உண்டு; அதில் எதை எழுதினாலும் நிறுவனம் பணம் கட்ட வேண்டியிருக்கும். அதோடு அவர்கள் நிற்கவில்லை என்பது அதைவிட முக்கியம். ஜான் ஹாட்ச் என்ற சமூக அமைப்பாளரின் முயற்சியில் நூற்றுக்கணக்கான குடும்பங்கள் சேர்ந்து கூட்டுறவுப் பண்ணை அமைத்து, பருத்திக்குப் பதிலாகக் காய்கறியும் பயறும் பயிரிட்டார்கள். சீட்டிலிருந்து நிலத்துக்குப் போனார்கள். இன்று அமெரிக்காவில் காப்பீட்டு நிறுவனங்களின் ஆதரவோடு நடக்கும் காய்கனிச் சீட்டுத் திட்டங்களில் இந்த இரண்டாம் பாதியை அதிகம் காணோம். கூப்பன் இருக்கிறது, நிலம் இல்லை.

தமிழ்நாட்டுக்குத் திரும்புவோம். 1980களில் இங்கே இரண்டு திட்டங்கள் அருகருகே நடந்தன. உலக வங்கிக் கடனில் 1980இல் வந்த ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் குழந்தைகளை மாதாமாதம் எடை போட்டது. எடை ஏறாத குழந்தைக்கு மட்டும் தொண்ணூறு நாளுக்குச் சத்துருண்டை, எடை ஏறியதும் நிறுத்தம். உணவு அங்கே அப்பட்டமாக மருந்து. நோயுள்ளவனுக்குத்தான் கிடைக்கும், குணமானால் கிடைக்காது. 1982 ஜூலையில் எம்.ஜி.ஆர். தொடங்கிய சத்துணவோ யாரையும் எடை போடவில்லை. தட்டோடு வந்து உட்கார்ந்தால் சோறு. பொருளாதார நிபுணர்கள் முன்னதைப் பாராட்டினார்கள், பின்னதைக் கவர்ச்சி அரசியல் என்றார்கள். நிலைத்தது பின்னது. உணவை மருந்தாக எழுதலாமே என்று வாதாடுகிற நான் இந்த இடத்தில் தயங்கத்தான் வேண்டியிருக்கிறது. எழுதப்படுவதற்கு முன் ஒருவர் நோயாளி என்று நிரூபிக்கப்பட வேண்டும். பசித்த குழந்தை தன் பசிக்குச் சான்றிதழ் காட்ட வேண்டியதில்லை என்பதுதான் சத்துணவின் மகத்துவம்.

இனி முட்டைக்கு வருகிறேன். சத்துணவில் முட்டை 1989இல் இரண்டு வாரத்துக்கு ஒன்று என்று நுழைந்தது. 1998இல் வாரம் ஒன்று. 2006க்குப் பிறகு படிப்படியாகக் கூடி 2010இல் வாரம் ஐந்து. முட்டை வேண்டாத குழந்தைக்கு வாழைப்பழம். இந்த முட்டையில் பெரும்பகுதி நாமக்கல்லிலிருந்து போகிறது. வட்டார விளைபொருளை அரசு தொடர்ந்து விலை கொடுத்து வாங்கி, லட்சக்கணக்கான உடல்களுக்கு அளவிட்டுக் கொடுக்கிற நிகழ்வு இது. ஏன் முட்டை? கீரை ஏன் இல்லை? புரதம் என்று ஊட்டச்சத்து நிபுணர் சொல்வார். ஒரு முட்டையில் ஆறேழு கிராம் இருக்கிறது என்பதும் உண்மைதான். ஆனால் பதில் அதன் ஓட்டில் இருக்கிறது. முட்டை எண்ணத்தக்கது. முப்பது கொண்ட ட்ரேயில் அடுங்குகிறது. சில நாள் கெடாமல் இருக்கும். ஒன்றுக்கொன்று பெரிய வித்தியாசமில்லை. சமையல்காரம்மா திருடினால் கணக்கில் தெரியும். அதாவது, இயற்கையிலேயே மாத்திரை வடிவத்தில் பிறந்த ஒரே புத்துணவு அது.

கீரைக்குக் கிடங்கு கிடையாது. காலையில் பறித்தது மாலையில் வாடும். கட்டின் அளவு ஆளுக்கு ஆள், பருவத்துக்குப் பருவம் மாறும். தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் 1994இல் உருவானபோது, மருந்துப் பட்டியல், மாவட்டக் கிடங்கு, ஒவ்வொரு மருத்துவமனைக்கும் ஒரு பாஸ்புக் என்று ஓர் ஒழுங்கு வந்தது. ராசிபுரத்துப் பெண்ணுக்கு இரும்பு மாத்திரை தவறாமல் கிடைப்பதற்கு இந்த ஒழுங்குதான் காரணம்; பிற மாநிலங்கள் பார்த்துக் கற்றுக்கொண்ட ஏற்பாடு இது. ஆனால் கிடங்கில் வைக்க முடிந்ததைத்தான் இந்த ஒழுங்கு அறியும். 2018 முதல் மகப்பேறு நிதியுதவியோடு தரப்பட்ட ஊட்டச்சத்துப் பெட்டகத்தைத் திறந்து பாருங்கள்: சத்து மாவு டப்பா, இரும்பு டானிக், பேரீச்சம்பழம், ஆவின் நெய். அரசு கடைசியில் உணவை எழுதத்தான் செய்தது. ஆனால் அலமாரியில் நிற்கிற உணவைத்தான் எழுத முடிந்தது. பேரீச்சம்பழம் விளையாத ஊரில் பேரீச்சம்பழம் தருகிறார்கள், முருங்கை வேலியோரம் நிற்கிற ஊரில் முருங்கையை வாய்வார்த்தையாகச் சொல்கிறார்கள்.

வேலியோரம் நிற்கிறது என்றேன். அவசரப்பட்டுவிட்டேன். எவருடைய வேலி என்று கேட்க வேண்டும்.

சேலம், நாமக்கல் சமவெளியில் என்ன விளைகிறது என்று பார்ப்போம். மரவள்ளி, கரும்பு, மஞ்சள், மக்காச்சோளம்; பண்ணைகளில் முட்டை. பெரும்பாலும் எதுவுமே விளைகிற ஊரில் தின்பதற்காக விளைவதில்லை. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் இறக்குமதி நின்றபோது சேலத்தில் பிறந்த ஜவ்வரிசித் தொழில், 1981இல் சேகோசர்வ் என்ற கூட்டுறவு அமைப்பாயிற்று. 2023இல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடும் வந்தது. அதைச் சத்துணவில் சேர்க்க வேண்டும் என்று மரவள்ளி விவசாயிகள் தரப்பிலிருந்து கோரிக்கை வருகிறது. விலை சரிகிற வருஷங்களில் அவர்கள் படும் பாட்டைப் பார்த்தால் கோரிக்கையின் நியாயம் புரியும். ஆனால் நூறு கிராம் ஜவ்வரிசியில் அரை கிராம் புரதம்கூடக் கிடையாது, மாவுதான். ‘உள்ளூர்’ என்ற சொல் தன்னளவில் யாருக்கும் ரத்தம் ஊறச் செய்யாது. கொல்லிமலையில் சாமையும் தினையும் கேழ்வரகும் இருந்த காடுகளில் மரவள்ளி ஏறி, அது கீழே ஆலைகளுக்கு இறங்குகிறது. நூறு கிராமில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் உள்ள கேழ்வரகு போன இடத்தில் ஸ்டார்ச் வந்திருக்கிறது. அதற்குப் பிறகு கால்சியம் மாத்திரை மலையேறுகிறது. நாமக்கல் முட்டையே எவ்வளவு உள்ளூர்? கோழி தின்னும் மக்காச்சோளமும் சோயாவும் பெருமளவு வெளி மாநிலங்களிலிருந்து லாரியில் வருபவை. உள்ளூரில் சேர்வது தண்ணீரும் கூலியும்தான்.

சரி, சீட்டில் எழுத முடியுமா? ஒரு சாத்தியம் கண்ணெதிரே இருக்கிறது. 1999 நவம்பரில் மதுரையில் தொடங்கிய உழவர் சந்தைகள் சேலத்தில் சூரமங்கலம், அம்மாபேட்டை, தாதகாப்பட்டி, ஆத்தூர் என்று நன்றாகவே நடக்கின்றன. விற்கிற விவசாயிக்கு அடையாள அட்டை உண்டு, விலையைத் தினமும் பலகையில் எழுதிப் போடுகிறார்கள். கர்ப்பிணிக்கு டாக்டர் எழுதித் தரும் கீரைச் சீட்டை அங்கே கொடுத்தால், விவசாயி அதை மருந்துக் கணக்கில் காசாக்கிக்கொள்ளலாம். கிடங்கு தேவையில்லை, சந்தையே கிடங்கு. 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ சர்க்கரைக்கும் ரத்தக்கொதிப்புக்கும் மாத்திரையை வீட்டு வாசலுக்கே கொண்டுபோகிறது. மாத்திரை ஏறும் ஸ்கூட்டியில் ஒரு கட்டுக் கீரை ஏறாதா என்ன? 2023இல் நீலகிரி, தருமபுரி ரேஷன் கடைகளில் அரிசிக்குப் பதில் இரண்டு கிலோ கேழ்வரகு தரத் தொடங்கியபோது, விவசாயிகளிடமிருந்து நேரடியாகவும் கொள்முதல் செய்தார்கள். தானியத்தில் முடிந்தது.

இந்த யோசனையை மேற்சொன்ன பெண்ணிடம் சொன்னேன். பரிசோதனை முடிந்து பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தோம். சிரித்தார். சந்தை விடிகாலையில் கூடி பத்து மணிக்குள் கலைந்துவிடும், பண்ணையில் ஆறு மணிக்கு முட்டை பொறுக்கப் போய்விடுகிறார். சீட்டோடு யார் போவது? சீட்டை மாமியாரிடம் கொடுத்தால் கட்டு வரும், குழம்பாகும், யார் தட்டில் விழும் என்று சொல்ல முடியாது என்றார். மாத்திரையின் ஒரு நன்மையை நான் அதுவரை நினைத்துப் பார்த்ததில்லை: அதை வேறு யாரும் பங்குக்குக் கேட்பதில்லை. தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53 சதவீதத்துக்கு மேல் ரத்தசோகை என்று 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வு சொல்கிறதென்றால், அந்தக் கணக்கில் நிலமும் கூலியும் மட்டுமல்ல, பந்தியின் வரிசையும் இருக்கிறது.

‘எங்கம்மா காலத்துல கீரைய யாருங்க காசு குடுத்து வாங்குனா’ என்றார் அவரே. களைவெட்டப் போனால் தொய்யக்கீரை, பண்ணைக்கீரை, குப்பைக்கீரை என்று மடி நிறையக் கொண்டுவருவார்களாம். கூலிக்கு மேல் அது, காட்டுக்காரரும் கேட்கமாட்டார். களைதானே.

‘இப்ப?’ என்றேன்.

‘இப்ப எல்லாம் மருந்தடிச்சர்றாங்க. மருந்தடிச்ச காட்டுல கீரை எங்கீங்க இருக்கும்?’

களைக்கொல்லிக்கும் நாங்கள் ‘மருந்து’ என்றுதான் சொல்கிறோம். பஸ் வந்துவிட்டது.